பாறை எங்க ஓடிடப் போவுது?

விதிப் புத்தகத்தை முழுசாப் படிச்சிட்டியா பாப்பா? படிக்காமலா எங்க காரை ஊருக்குப் பஸ் ஏறி வந்துட்டே? நல்லா இருக்கு போ. பாறையைப் பாக்க அப்படி என்ன அவசரம்? பத்துக் கோடி வருசமா அது இந்த ஓடையில கெடக்கு. உன் மொத செமஸ்டர் முடியறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிடப் போவுதா? ஆனா ஃபாரம் குடுக்கற கடைசித் தேதி ஓடிடும். அபராதத்தோட ஒரு வாரம் நிக்கும், அப்புறம் அபராதம் கட்டறேன்னு கெஞ்சினாலும் நிக்காது.

இந்தக் கெழவனுக்கு என்ன தெரியும்னு பாக்காத. நான் தலையாரியா இருந்து ரிட்டையர் ஆனவன். சுத்தியலும் பையுமா இந்த ஊர்ல வந்து எறங்கற புள்ளைங்க மொதல்ல விசாரிக்கறது தண்ணிய, ரெண்டாவது என்னை. மெட்ராசு, திருச்சி, சேலம், சிதம்பரம், அதுக்கு மேல வடக்கத்திப் புள்ளைங்க, வெள்ளைக்காரங்க வரைக்கும் வந்திருக்காங்க. அம்மோனைட்டு, பெலம்னைட்டுன்னு கல்லாப் போன உயிருங்க பேரை நான் சொன்னா நீ வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கற. உங்க வாத்தியாருங்க பாடம் சொல்றதை வருசா வருசம் வெயில்ல நின்னு கேட்டவன் நான். என்ன, எனக்கு யாரும் ஹால் டிக்கெட்டு குடுக்கல.

உனக்கு முன்னால வந்ததுங்க எல்லாம் எம்.ஃபில்.னு ஒண்ணு பண்ணும். எம்.எஸ்ஸி.க்கு மேல, பிஎச்.டி.க்குக் கீழ. அதுக்கு 2016ல யுஜிசி, அதான் பல்கலைக்கழக மானியக் குழு, போட்ட விதி எனக்கு மனப்பாடம். ராத்திரி எங்க வாசல்ல பாயைப் போட்டுப் படுத்துக்கிட்டு அதையேதான் பொலம்புங்க. கொறைஞ்சது ரெண்டு செமஸ்டர், மிஞ்சினா நாலு. கோர்ஸ் ஒர்க்குக்கு 8லேருந்து 16 கிரெடிட். அதுல நூத்துக்கு 55 வாங்கியாகணும். ஆய்வேட்டைக் குடுக்கறதுக்கு முன்னால ஒரு கருத்தரங்குலயாவது கட்டுரை படிச்சிருக்கணும். படிச்ச கட்டுரைய யாராவது கேட்டிருக்கணும்னு மட்டும் விதி இல்ல. அதனாலதான் ஊருக்கு ஊரு அவ்வளவு கருத்தரங்கு, அவ்வளவு சாம்பார் சாதம், அவ்வளவு ஜிப்பு வச்ச ஃபைலு. எங்க வூட்லயே அந்த ஃபைலு மூணு கெடக்கு. ரேஷன் கார்டு வைக்க அதைவிடத் தோதான சாமான் கெடையாது.

அதே புத்தகத்துல பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு வருசம் கூடுதலாவும், பேறுகாலத்துக்கு 240 நாள் லீவும் எழுதியிருந்தாங்க. அதை நான் கேலி பண்ண மாட்டேன். அந்த மாதிரி விதி வர்றதுக்கு ரொம்ப முன்னாலயே, வயித்துல புள்ளையோட இந்த ஓடைக்குள்ள எறங்கி ஏறின ஒருத்திய உங்க ஆயா வூட்டுக்குக் கூப்பிட்டு மோர் குடுத்து, "படிப்பு எங்கம்மா போவுது"ன்னு திட்டி அனுப்புனா. படிப்புதான் போயிடும்னு அந்தப் பொண்ணு அழுதுச்சு.

போவட்டும். அந்த எம்.ஃபில்.லே இப்ப இல்ல. 2022 நவம்பர் 7ஆம் தேதி புது விதி வந்துச்சு, அதோட சரி. முன்னமே சேந்தவங்க பட்டம் செல்லும், புதுசா யாரையும் சேக்கக் கூடாதுன்னுட்டாங்க. அப்படியும் சில பல்கலைக்கழகம் விளம்பரம் குடுத்துக்கிட்டே இருந்துச்சு. 2023 டிசம்பர்ல யுஜிசி திரும்பவும் தண்டோரா போட வேண்டியதாப் போச்சு. இதுல ஒரு வேடிக்கை கேளு. மனநல வைத்தியம் பாக்கறவங்க படிக்கற ரெண்டு எம்.ஃபில்.லுக்கு மட்டும் மேல கொஞ்ச காலம் தவணை குடுத்து வச்சாங்க. ஆராய்ச்சி பண்ற புள்ளைங்க நெலமைய யோசிச்ச யாரோ ஒரு புண்ணியவான் செஞ்ச வேலையா இருக்கும்.

எனக்கு இதெல்லாம் புதுசில்ல. 1980 நவம்பர்ல ஒரே அவசரச் சட்டத்துல கர்ணம், மணியக்காரரு எல்லாரையும் வூட்டுக்கு அனுப்புனாங்க. தலைமுறை தலைமுறையா ஊரையே எழுதி வச்சிருந்த மனுசங்க. மறுநாள் காலையில பாத்தா நெலம் நெலமாத்தான் கெடந்துச்சு, எழுதற ஆளுதான் மாறியிருந்தாரு. தலையாரி அப்படியே இருந்தேன். நடக்கறவன எடுத்துட்டா யாரு நடக்கறது?

இப்ப உனக்கு வந்திருக்கறது வேற கணக்கு. மூணு வருசம் பி.எஸ்ஸி. முடிச்சவளுக்கு ரெண்டு வருசம் எம்.எஸ்ஸி. அதுல ரெண்டாவது வருசத்தை முழுக்க ஆராய்ச்சியாவே வச்சுக்கலாம்னு 2020 கல்விக் கொள்கையில எழுதுனாங்க. 2024ல யுஜிசி அதையே பாடத்திட்டத்துக்கும் கொண்டாந்தாங்க. நாலு வருசம் படிச்சுட்டு வர்றவனுக்கு ஒரே வருசம் போதுமாம். ஆக, பாறையோட நீ பேசறதுக்கு ஒரு வருசம் எழுதியிருக்கு. அதுல பொங்கல் லீவு, தேர்தல் லீவு, புயல் லீவு, இண்டர்னலு, கைடு வெளியூரு போற நாளு எல்லாம் கழிச்சுட்டு மிச்சம் எவ்வளவுன்னு நீயே போட்டுக்க. எனக்குக் கழித்தல் வராது.

கிரெடிட்டுன்னா என்னன்னு போன வருசம் வந்த ஒரு தம்பி எனக்கு வெளக்குனான். வகுப்புல 15 மணி நேரம் உக்காந்தா ஒரு கிரெடிட்டு. லேபுல 30 மணி நேரம் நின்னா ஒரு கிரெடிட்டு. நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், ஏண்டா, உக்காந்தவனுக்கா கூலி ரெட்டிப்புன்னு. ஆமா தாத்தாங்கறான். எங்க ரெவின்யூ டிபார்ட்மெண்டுல வாய் விட்டுச் சொல்லாம வச்சிருந்த ரகசியத்தை நீங்க விதியாவே எழுதிட்டீங்களேடான்னேன். அதனால என் மொத யோசனை இதுதான் பாப்பா: எங்க உக்கார முடியுமோ அங்க உக்காரு.

ரெண்டாவது யோசனை, கைடு. இதுல கோட்டை விட்டா ரெண்டு வருசமும் போச்சு. பிஎச்.டி. விதியப் பாரு. புரொபசருக்கு 8 பேரு, அசோசியேட்டுக்கு 6, அசிஸ்டெண்டுக்கு 4. ரிட்டையர் ஆவ மூணு வருசத்துக்குக் கொறைவா இருந்தா புதுசா ஆளெடுக்கக் கூடாது. "அது பிஎச்.டி.க்குத்தானே தாத்தா, எனக்கென்ன"ங்கற. அடி அசட்டுப் பொண்ணே, அந்த எட்டுப் பேரும் உனக்கு முன்னால கையில காயிதத்தோட அவரு ரூம் வாசல்ல நிக்கறானுங்க. எட்டுல ரெண்டு பேருக்குக் கல்யாணம் நின்னு போயிருக்கும், ஒருத்தனுக்கு ஸ்காலர்ஷிப்பு வந்திருக்காது, ஒருத்தன் ஆய்வேட்டுல கமா சரியில்லன்னு திருப்பி அனுப்பியிருப்பாங்க. ஒம்பதாவதா நிக்கற உன் முறை வர்றப்ப அவருக்குச் சாயங்காலம் மீட்டிங்கு இருக்கும்.

அப்ப எப்படித்தான் ஆளைக் கண்டுபிடிக்கறது? பேரு, விருது, சுவத்துல மாட்டுன போட்டோ ஒண்ணையும் பாக்காத. ஷூவப் பாரு. அடிப்பக்கம் தேஞ்சு, இடுக்குல செம்மண்ணு காஞ்சு இருந்தா அங்க போயிச் சேந்துக்க. பளபளன்னு இருந்தா கும்புட்டுட்டு வந்துடு, அவரு பெரிய எடத்துக்குப் போவப் போறவரு. துணைவேந்தர் ஆனதும் வாழ்த்து சொல்லிக்கலாம்.

அடுத்தது ஏரியா. இதுல நான் சொல்றபடி கேட்டா நீ பொழச்சுக்குவ. கையில என்ன டோப்போ ஷீட்டு, 58 ஐ 16 தானே? அதுல தார் ரோடு எங்க போவுதுன்னு பாரு. ரோட்டோரமா ஒரு பாறையத் தேடு. பக்கத்துல டீக்கடை இருந்தா உத்தமம். ஒரு எட்டுல எறங்கி, சுத்தியல நட்டு வச்சு, அளவுக்குன்னு போட்டோ எடுத்துட்டு, அடுத்த பஸ்ஸுக்கு வந்துடலாம். உள்ளார போவாத. உள்ளார போனா, ஓடைக்கு ஓடை மண்ணோட நெறம் மாறும், ஜிப்சம் குறுக்கும் நெடுக்கும் ஓடும், அம்மோனைட்டு ஒரு மட்டத்துல குவிஞ்சு கெடக்கும், அடுத்த மட்டத்துல ஒண்ணு கூட இருக்காது. ஏன் இல்லன்னு உனக்குத் தோணும். தோணிட்டா நீ கெட்டே. அந்த ஏனுக்குப் பதில் தேடறதுக்கு எந்த செமஸ்டர்லயும் கிரெடிட்டு போடல.

காலத்தையும் பாத்துக்க. ஐப்பசி கார்த்திகையில இந்தக் களிமண்ணுல கால வச்சா, நீ எந்தப் பக்கம் போறேன்னு நீ முடிவு பண்ண மாட்ட. தை மாசிதான் நடக்கத் தோதான நாளு. ஆனா அப்ப உங்களுக்கு வகுப்பு. கத்திரி வெயில் கொளுத்தறப்ப, ஆடு மாடெல்லாம் நெழலுக்கு ஒதுங்கறப்ப, உங்களுக்கு லீவு விட்டு ஃபீல்டுக்குப் போங்கம்பாங்க. இந்தக் காலண்டரப் போட்டவரு காரைக்கு வந்ததில்ல. வந்தா நான் அவரைச் சித்திர மாசம் பன்னெண்டு மணிக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டத் தயாரா இருக்கேன்.

ஃபீல்டு நோட்டு எழுதறதுல நான் கொஞ்சம் கறார். வயலுக்குப் போவாமலே அடங்கல் எழுதுன கர்ணத்துக்கிட்ட வேலை பாத்தவன் நான். ஆலமரத்தடியில உக்காந்துக்கிட்டு, "அந்த சர்வே நம்பர்ல என்னடா போட்டிருக்கான்?" பாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள சோளம்னு எழுதியிருப்பாரு. போன வருசம் சோளம்னா இந்த வருசமும் சோளம். கெணறு தூந்து போயி ஆவாரஞ்செடி மொளைச்ச எடத்துலயும் அடங்கல்ல ரெண்டு போகம் வெளைஞ்சுது. மேல இருந்து வந்து தணிக்கை பண்ண ஆபீசரு அடங்கலையும் போன வருசத்து அடங்கலையும் ஒப்பிட்டுப் பாத்தாரு, ஒரு எழுத்து பெசகல, நல்ல கணக்குன்னு பாராட்டிட்டுப் போனாரு. உங்கள்லயும் ஒரு தம்பி அப்படி வந்தான். பிரண்டன் காம்பசு புத்தம் புதுசு, அதை உறையிலேருந்து எடுக்க மனசில்ல. எங்க வேப்பமர நெழல்ல உக்காந்துக்கிட்டு நாப்பது எடத்துக்கு ஒரே சாய்வு, கெழக்கால ஒரே டிகிரின்னு எழுதுனான். பாறைங்க அவ்வளவு ஒத்துமையா இருந்திருந்தா அதுங்களைப் பஞ்சாயத்துத் தேர்தல்ல நிக்க வச்சிருக்கலாம். அவன் பாஸ் பண்ணிட்டான். முதல் வகுப்பு. எந்த விதியையும் அவன் மீறலையே.

அறுக்கற வேலைக்கு வர்றேன். கிரானைட்டு படிக்கறவன் குடுத்து வச்சவன், அறுத்து, தேச்சு, 0.03 மில்லிமீட்டருக்குக் கொண்டாந்து மைக்ராஸ்கோப்புல வச்சுடுவான். எங்க காரை மண்ணு அப்படியில்ல. தண்ணி பட்டா கரையும், பிசின் ஊத்தி இறுக்கித்தான் அறுக்கணும். நுண்ணுயிர்ப் படிவம் வேணும்னா ஊற வச்சு, கழுவி, 63 மைக்ரான் சல்லடையில சலிச்சு, காய வச்சு, ஊசி மொனையில ஒண்ணொண்ணாப் பொறுக்கணும். அதுக்கு மேல ரசாயனக் கணக்கு வேணும்னா வெளி லேபுக்கு அனுப்பணும். அங்க மெஷினு ரிப்பேருன்னா ரிப்பேருதான். மெஷினு நின்னாலும் உன் செமஸ்டரு நிக்காது. மூணாவது செமஸ்டரு தொறந்த கையோட சாம்பிளை அனுப்பிடு. இதொண்ணுதான் நான் கேலி இல்லாம சொல்ற யோசனை, தனியா எழுதி வச்சுக்க.

எழுதறதுன்னதும் ஞாபகம் வருது, 2018ல வந்த திருட்டு விதி. அடுத்தவங்க எழுத்தோட ஒத்துமை 10 சதம் வரைக்கும் இருந்தா சும்மா விட்டுடுவாங்க. 40 வரைக்கும் போனா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும். 60 வரைக்கும்னா ஒரு வருசத்துக்குத் திருத்தின ஏட்டைக் கூடக் குடுக்க முடியாது. அதுக்கும் மேல போனா பதிவே ரத்து. இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது ஒண்ணு உண்டு. எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி, தற்செயலா ஒத்துப் போற வார்த்தைங்க, இதெல்லாம் தொடர்ச்சியா 14 வார்த்தை வரைக்கும் இருந்தா கணக்குல சேக்க மாட்டாங்களாம். பதினாலு வரைக்கும் நீ யோக்கியம், பதினஞ்சாவது வார்த்தையில திருடி. எங்க போலீசு ஸ்டேசன்ல கூட இவ்வளவு துல்லியம் கெடையாது.

ஆனா ஒரு நியாயம் சொல்லு. ஊரு ஒண்ணு, ஓடை ஒண்ணு, அட்சரேகை தீர்க்கரேகை ஒண்ணு. இங்க வந்த ஒவ்வொருத்தனும் மொத அத்தியாயத்துல, "பிளான்ஃபோர்டு 1862ல இந்தப் பகுதியப் பத்தி எழுதுனாரு"ன்னுதான் ஆரம்பிச்சாகணும். வேற எப்படி எழுதறது? ஒத்துமை பாக்கற மிசினுக்குப் பயந்துக்கிட்டு ஒருத்தன், சிவப்புக் களிமண்ணைச் செந்நிற நுண்படிவுன்னு மாத்துனான், ஊட்டத்தூருக்கு வடகிழக்கேங்கறதைக் காரைக்குத் தென்மேற்கேயுள்ள ஊருக்கு எதிர்த்திசையிலன்னு எழுதுனான். ஒத்துமை 4 சதம். அவன் ஏட்டை வச்சுக்கிட்டு வந்தவன் வழி தெரியாம பாடாலூருக்குப் போயிட்டான்.

அந்த பிளான்ஃபோர்டு துரை என்ன பண்ணாருன்னு உங்க வாத்தியாரு சொன்னாரா? மாட்டு வண்டிக் காலத்துல திருச்சி ஜில்லாவையும் தென்னாற்காட்டையும் நடந்து பாத்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்னு பாறைகளை மூணு அடுக்காப் பிரிச்சாரு. இன்னைக்கும் நீங்க அந்தப் பேருங்களைத்தான் சொல்றீங்க. அப்படிப்பட்ட ஆளை அரசாங்கம் என்ன பண்ணுச்சு? 1875ல வானிலைக்கு அதிகாரியாப் போட்டுச்சு. தரையப் பாத்து நல்லாச் சொல்றியா, சரி, அண்ணாந்து பாத்துச் சொல்லுன்னுட்டாங்க. நல்லா வேலை பாத்தா என்ன நடக்கும்னு அதுலயே தெரிஞ்சுக்க.

பேப்பர்ல பேரு வரணும்னு ஆசை இருக்கா? இருக்கும், வயசு அப்படி. 2020 அக்டோபர்ல நம்ம குன்னம் பக்கம் ஏரியில மண்ணு எடுத்தப்ப உருண்டை உருண்டையாப் பெரிய பெரிய கல்லு வந்துச்சு. டைனோசர் முட்டைன்னு எவனோ வாட்சப்புல போட்டுட்டான். அன்னைக்கு ராத்திரியே உலகம் பூரா போயிடுச்சு. கூட்டம்னா கூட்டம், வேர்க்கடலை வித்தவன் மோட்டார் சைக்கிள் வாங்குனதாப் பேச்சு. ஆளுக்கொரு முட்டையக் கட்டிப் புடிச்சுக்கிட்டு செல்ஃபி. அப்புறமா வெவரம் தெரிஞ்சவங்க வந்து பாத்துட்டு, முட்டையும் இல்ல கிட்டையும் இல்ல, அம்மோனைட்டு மாதிரி ஒண்ணைச் சுத்திப் படிவு கட்டி உருண்ட கல்லுன்னாங்க. அதை யாரும் ஃபார்வேர்டு பண்ணல. ஆக, உன் ஆய்வேட்டுல சொல்றதுக்கு ஒண்ணும் கெடைக்கலன்னா கவலப்படாத, ஒரு உருண்டைக் கல்லும் நெட்டு இருக்கற செல்லும் போதும். பரீட்சை எடுக்க வெளியூருலேருந்து வர்றவருக்கு மட்டும் அது தெரிஞ்சிடக் கூடாது.

பாறை எங்க ஓடிடப் போவுதுன்னு ஆரம்பத்துல சொன்னேன் இல்ல? உங்க விதியும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருக்கு. ஏட்டைப் பத்தி எத்தனை அக்கறை! அட்டை, எத்தனை பிரதி, ஓரத்துல எத்தனை இஞ்சு எடம்னு பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமா எழுதி வச்சிருக்காங்க. எம்.ஃபில்., பிஎச்.டி. ஏட்டோட மின் பிரதிய இன்ஃபிலிப்நெட்டுக்கு அனுப்பியாகணும்னு யுஜிசியே 2016ல சொல்லிடுச்சு. காந்திநகர்ல இருக்கற கம்ப்யூட்டர்ல அது சாகா வரம் வாங்கிட்டு உக்காந்திருக்கும். நல்ல காரியம்தான், இல்லங்கல. ஆனா அந்த ஏட்டுல எழுதியிருக்கற கல்லை எங்க வைக்கணும்னு அந்த விதி முழுக்கத் தேடிப் பாரு. ஒரு வரி இருந்தா என் மீசைய எடுத்துடறேன்.

பின்னால மாட்டுக் கொட்டாய்க்குப் போய்ப் பாரு. பெயிண்டுல நம்பர் போட்ட கல்லு ஒரு குவியல் கெடக்கும். கே 1, கே 2, கேஆர் 14, பி 7. பையில கனம், பஸ்ஸுல கண்டக்டரு லக்கேஜு கேப்பாரு, அதனால "தாத்தா, இதுங்களை இங்க வச்சிருங்க, அடுத்த தடவை வந்து எடுத்துக்கறேன்"ம்பாங்க. வைவாவுக்கு அப்புறம் எவன் வர்றான்? ஒரு கே 7ல மாட்டைக் கட்டியிருக்கேன். அந்தக் கே 7 ஏதோ ஒரு ஏட்டுல 42ஆம் பக்கத்துல படமா இருக்கும், அதை நம்பி இன்னொருத்தன் அதுக்கு மேல ஒரு ஏடு எழுதியிருப்பான். சந்தேகம்னு வந்து கல்லைப் பாக்கணும்னா எங்க மாட்டுக்கிட்ட அனுமதி கேக்கணும்.

சிரிக்காத. கல்லமேட்டுக் கதை தெரியுமில்ல? நம்ம அரியலூர்ப் பக்கம்தான். ஒரு டைனோசர் எலும்பு, அவ்வளவு பெருசு. பிருஹத்காயோசாரஸ்னு பேரு வச்சாங்க. 1980கள் கடைசியில கட்டுரை வந்துச்சு. மொதல்ல கறி திங்கற சாதின்னு எழுதுனாங்க, பின்னால வந்தவங்க இல்ல, இது தழை திங்கற நீளக் கழுத்துக்காரன், உலகத்துலயே பெரிய மிருகத்துல ஒண்ணா இருக்கலாம்னாங்க. இருக்கலாம். யாரு பாத்துச் சொல்றது? எலும்பெல்லாம் உதுந்து போச்சு, ஒண்ணும் இல்ல. படமும் கட்டுரையும்தான் மிச்சம். நாப்பது வருசத்துக்குள்ள அவ்வளவு பெரிய மிருகம் காயிதத்துக்குள்ள போயிடுச்சு பாப்பா. ஏழு கோடி வருசம் மண்ணுல பத்திரமா இருந்துச்சு, நாம கண்டுபிடிச்ச ஒடனே போயிடுச்சு.

சாத்தனூர்க் கல்மரம் தப்பிச்சுது. 1940ல எம்.எஸ். கிருஷ்ணன் கண்ணுல பட்டுச்சு. தஞ்சாவூருக்காரரு, பின்னால நிலவியல் ஆய்வுத்துறைக்கே மொத இந்தியத் தலைவரா வந்தவரு. 18 மீட்டர் நீளத்துக்கு அப்படியே படுத்துக் கெடக்கு, சுத்தி வேலி போட்டு வச்சிருக்காங்க. எல்லாக் கல்லுக்கும் கிருஷ்ணன் வருவாரா? கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக் குவாரிக்குப் போய்ப் பாரு, சிப்பி சிப்பியா, ஆளு ஒசரத்துக்குப் படுகை தெரியும். தோண்டுனதாலதான் தெரியுது. தோண்டி முடிச்சா தெரியறதுக்கு ஒண்ணும் இருக்காது. நேத்து நீ அளந்த பாறை இன்னைக்கு லாரியில போவும், அடுத்த மாசம் எவனோ ஒருத்தன் வூட்டுச் சுவரா நிக்கும். சிமெண்டு கம்பெனிக்காரன் மேல எனக்குக் கோவமில்ல, எங்க ஊரு புள்ளைங்க பாதி பேருக்கு அங்கதான் சோறு. நீதான் வேகமா நடக்கணும். செக்யூரிட்டி ரூம்ல லெட்டர் குடுத்து, ஹெல்மெட்டு போட்டுக்கிட்டு, குண்டு வைக்கற நேரத்தைக் கேட்டுக்கிட்டு உள்ள போ. உங்க டிபார்ட்மெண்டு லெட்டர்ல சீலு இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால விதிய ஒரேயடியாத் தள்ளிடவும் முடியாது பாத்தியா. சீலு இருக்கற காயிதம் எப்பவும் பையில ரெண்டு வச்சுக்க.

"அப்ப நான் ரோட்டோரப் பாறையோட நின்னுக்கலாமா, ஓடைக்குள்ள போவணுமா தாத்தா?"ன்னு கேக்கற. நான் எங்க போவச் சொன்னேன்? சாயங்காலம் அஞ்சரை மணிக்கு வெயில் சாயறப்ப, நீ எப்படியும் போவத்தான் போறே, உன் கண்ணைப் பாத்தாலே தெரியுது. வடக்கால இருக்கற ஓடையில எறங்கு, தெக்கால எறங்காத, அங்க சீமைக் கருவேலம். மூணாவது வளைவுல ஜிப்சம் பட்டையா ஓடற எடத்துக்குக் கீழ பாரு. மட்டம் மாறறது அங்க கண்ணுக்கே தெரியும். எந்த ஏட்டுலயும் அது சரியா வரல, ஏன்னா எல்லாரும் ரெண்டாவது வளைவுலயே திரும்பிடறாங்க. ரெண்டாவது வளைவு வரைக்கும்தான் செல்லுல சிக்னல் எடுக்கும். எடுத்த கல்லுல நம்பர் போடு, எந்த எடம்னு செல்லுல மட்டுமில்ல, நோட்டுலயும் எழுது. கல்லை டிபார்ட்மெண்டு மியூசியத்துல வாங்கிக்க மாட்டேன்னா, வாரணவாசியில ஒரு ஃபாசில் அருங்காட்சியகம் இருக்கு, போய்க் கேளு. அங்கயும் எடமில்லன்னா கொண்டா. மாட்டைக் கட்டாத மூலையா ஒண்ணு ஒதுக்கித் தர்றேன். வாடகை மாசம் ஒரு கட்டு வெத்தல.

கடைசியா ஒண்ணு. நன்றியுரைன்னு ஒரு பக்கம் எழுதுவ இல்ல? அந்தத் திருட்டு மிசினு நன்றியுரையச் சோதிக்காதாம், விதியிலயே வெலக்கு குடுத்திருக்காங்க. அதனாலதான் எல்லா ஏட்டுலயும் அந்தப் பக்கம் ஒரே மாதிரி இருக்கு. துணைவேந்தருக்கு நன்றி, பதிவாளருக்கு நன்றி, துறைத் தலைவருக்கு, கைடுக்கு, லேபுக்கு, குலசாமிக்கு, டைப் அடிச்சவருக்கு, எல்லாம் முடிச்சு அடியில "உள்ளூர் மக்களுக்கும் நன்றி". அந்த உள்ளூர் மக்கள்ங்கறது நான்தான் பாப்பா. வேற யாரும் கூட வந்ததில்ல. எனக்கு ஒரு பேரு இருக்கு, ஆதார் கார்டுல சரியாத்தான் போட்டிருக்கான். பதினாலு வார்த்தைக்குள்ள அடங்கும். அதை எழுதிக்கிட்டு வா, இன்னொரு ஓடை இருக்கு, எங்க இருக்குன்னு அப்ப சொல்றேன்.